செத்த மிருகத்தைப் பார்க்க எதற்குக் கோவை வரைக்கும் போகணும்?

கேள்வி கேட்டவர் தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் ஓர் அம்மா. பையனுக்கு 9 வயது. லீவில் ஒரு நாள் கோவை வருகிறார்களாம், மாமனாரும் கூட வருகிறாராம். காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று இவர் சொல்ல, வீட்டுக்காரர், "செத்ததுக்குப் பஞ்சை அடைச்சு வெச்சிருப்பாங்க, அதைப் பார்க்க அவ்வளவு தூரமா? போன்லயே உயிரோட ஓடுறதப் பார்க்கலாமே" என்கிறாராம். போகலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

போங்க. மாமனாரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்க. பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை மாணவர்களைப் பெற்றவர்களிடமிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரிதான். புலி எப்படிப் பதுங்குகிறது, யானை குட்டியை எப்படி நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போகிறது என்பதையெல்லாம் வீடியோவில்தான் பார்க்க வேண்டும். பாடம் செய்த புலி பல இடங்களில் பூனைக்கும் நாய்க்கும் நடுவே ஏதோ ஒன்றாக முழித்துக்கொண்டு நிற்கும். பாடம் செய்தவர் உயிரோடு புலியையே பார்த்திருக்க மாட்டாரோ என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் கை அகலத் திரையில் யானையும் எறும்பும் ஒரே சாண்தான். அங்கேதான் வீடியோ தோற்றுப்போகிறது.

காஸ் அருங்காட்சியகம் ஆர்.எஸ்.புரத்தில், கௌலி பிரவுன் ரோட்டில், வனக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. காஸ் என்ற வன அதிகாரி 1902இல் ஆரம்பித்தது. உள்ளே ஒரு காட்டுமாடு நிற்கிறது. வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, மாமனாரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

அவர் வாழ்நாள் முழுக்கக் காங்கேயம் மாட்டைப் பார்த்தவராக இருப்பார். நல்ல காங்கேயம் காளை ஏறக்குறைய அரை டன் இருக்கும். முழு வளர்த்தியான காட்டுமாட்டுக் கிடா அதைப்போல இரண்டு பங்கு, தோள் உயரமே ஆறடியைத் தொடும். இதை நான் எழுதிச் சொன்னால் ஒன்றும் ஏறாது. பக்கத்தில் போய் நின்று, அதன் முதுகு நம் தலைக்கு எங்கே வருகிறது என்று பார்க்கும்போதுதான் ஏறும். அப்புறம் திமிலைக் கவனிக்கச் சொல்லுங்கள். காங்கேயம் காளையின் திமில் சதை, நடக்கும்போது ஆடும். காட்டுமாட்டுக்கு அப்படித் திமிலே இல்லை. முதுகெலும்பின் முட்கள் நீண்டு வளர்ந்து, தோளிலிருந்து நடுமுதுகு வரை வரப்பு மாதிரி ஓடி, சட்டென்று இறங்கிவிடும். உயிரோடு இருப்பதை வால்பாறை ரோட்டில் கார் கண்ணாடி வழியாக நாலு நொடி பார்த்தால் இது தெரியாது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருப்பதைப் பையனே கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொன்று. நம் பக்கம் எல்லோரும் காட்டெருமை, காட்டெருமை என்கிறார்கள். அது எருமையே இல்லை. நம் மாட்டுக்குப் பங்காளி. எருமை வேறு கூட்டம். பழந்தமிழில் அதற்கு ஆமா என்று அழகான பேர் இருந்தது. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் நிறம் மாறும் என்று உங்கள் மாமனாருக்குத் தெரியும். காட்டுமாட்டுக் கன்றும் வெளிர்ப் பழுப்பாகப் பிறந்துதான் பிறகு கறுக்கும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், அங்கிருந்து பேச்சு எங்கே போகிறது என்று. பையனுக்கு அருங்காட்சியகம் அந்த இடத்தில் தொடங்கிவிடும், பலகையில் எழுதியிருப்பதைப் படித்து அல்ல.

கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக் கொம்பும் மான் கொம்பும் ஒன்று என்றுதான் பெரியவர்களே நினைக்கிறார்கள். மாட்டுக்கு உள்ளே எலும்பு, மேலே நகம் மாதிரி ஓர் உறை, சாகும்வரை விழாது. மானின் கொம்பு முழுக்க எலும்பு. விழுந்து மறுபடி முளைக்கும். கொம்போடு மான் தலை ஒன்று இருந்தால், கொம்பின் அடியில் முடிச்சு மாதிரி ஒரு வளையம் தெரியும். அதை ஒட்டித்தான் கொம்பு கழன்று விழும். இதைக் காட்ட ஒரு நிமிடம் போதும், ஆனால் மான் நகராமல் நின்றால்தான் காட்ட முடியும்.

பாட்டிலில் பாம்புகள் வைத்திருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் மண்ணுளிப் பாம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். நம் ஊரில் இருதலைப் பாம்பு என்று சொல்லி, அதை லட்சக்கணக்கில் விலைபேசி ஏமாற்றும் கும்பல்களும், ஏமாந்து போனவர்களும் உண்டு. பாட்டிலைச் சுற்றி வந்து பார்த்தால் ஒரு முனையில் மட்டும் குட்டிக் கண் இரண்டு இருக்கும். மறுமுனை மொட்டையான வால், அவ்வளவுதான். எதிரி வந்தால் தலையைச் சுருட்டி அடியில் வைத்துக்கொண்டு வாலைக் காட்டும். 9 வயதில் அந்தக் கண்ணைத் தானே தேடிப் பார்த்த பையனிடம் 30 வயதில் எவனும் இருதலைப் பாம்பு விற்க முடியாது. (அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பது வேறு விஷயம்.)

காஸில் மரத்துக்கென்று பெரிய பகுதி உண்டு. பெரும்பாலானவர்கள் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அங்கேதான் நேரம் போவதே தெரியாது. குறுக்கே அறுத்த தேக்குத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவே கருத்து இறுகியிருப்பது வைரம், ஓரத்தில் வெளுத்திருப்பதில்தான் மரம் உயிரோடு இருந்தவரை தண்ணீர் ஏறியது. வைரம் பாய்ந்த கட்டை என்று தாத்தாக்களைச் சொல்கிறோமே, அந்த வைரம் இதுதான். நம் வெப்ப நாட்டு மரங்களில் பலவற்றுக்கு வருட வளையம் தெளிவாக விழாது. தேக்கு விதிவிலக்கு. மழைக்காலத் தொடக்கத்தில் பெரிய துளைகளோடு ஒரு வரி, பிறகு நெருக்கமாக. மழை பொய்த்த வருடம் வளையம் ஒடுங்கிப்போகும். அதனால்தான் மழைமானி வருவதற்கு முந்தைய காலத்துப் பருவமழையைத் தேக்கு வளையத்தில் படிக்கிறார்கள். பையனை அவன் விரலால் காற்றிலேயே எண்ணச் சொல்லுங்கள், தொட வேண்டாம்.

தேக்கைப் பற்றிப் பேசினால் ஆனைமலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம்தான் டாப்ஸ்லிப், பேரே அப்படி வந்தது. வெட்டி வெட்டி மலை மொட்டையான பிறகு, ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடி தேக்கை வளர்த்தார். சட்டைப்பையில் விதையோடு நடப்பார், கைத்தடியால் மண்ணில் குத்திப் போட்டுக்கொண்டே போவார் என்று அங்கே கதை சொல்வார்கள். 1933இல் இறந்தார். அவருடைய சமாதி டாப்ஸ்லிப்பில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது.

யானை மண்டையோடு எங்கே பார்த்தாலும் நில்லுங்கள். நெற்றியின் நடுவே இருக்கும் பெரிய ஓட்டையைப் பிள்ளைகள் கண் என்றுதான் சொல்வார்கள். அது துதிக்கைக்கான மூக்குத் துளை.

சரி, இதுவரை சொன்னது பார்ப்பவருக்குக் கிடைப்பது. இனி சொல்லப்போவதைத்தான் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பணம் இருக்கிறது.

2008இல் கோவையில் ஒரு மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாவற்றிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி அப்பிக்கொண்டது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரியைப் பிடுங்கிப் போட்டார்கள். அந்தப் பூச்சியின் உடம்பெல்லாம் மெழுகு. மருந்து மேலேயே நிற்காது. ஒரு வாரத்துக்கு ஒரு மருந்து என்று மாற்றி மாற்றி அடித்தும் கேட்கவில்லை. அந்தச் சமயம் உங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் மருந்துக்கடைப் பாக்கி எகிறியிருக்கும், வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

மாவுப்பூச்சி எல்லாம் வெறுங்கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பெண் பூச்சியின் உடம்பைக் கரைத்து, தோலை மட்டும் கண்ணாடித் தகட்டில் பதித்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் துளைகளையும் குழாய்களையும் எண்ணினால்தான் எது எது என்று தெரியும். எண்ணி முடித்தபோது இது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று தெரிந்தது. 1992இல்தான் அதற்கு அந்தப் பேரே வைத்திருந்தார்கள். பூர்விகம் மெக்சிகோ பக்கம். பேர் கிடைத்ததும் மீதியெல்லாம் தொடர்ந்து வந்தது: எந்த ஊர்ப் பூச்சி, அங்கே அதைத் தின்பது எது, வேறு எந்த நாட்டில் இதே தொல்லை வந்தது, அவர்கள் என்ன செய்தார்கள். கரீபியன் தீவுகளில் ஏற்கனவே இதற்கு எதிராக ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டிருந்தார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் இந்தியாவுக்கு வந்தன. அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே அது முட்டை வைக்கும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. ஒரு மருந்தும் செய்யாததை அது செய்தது.

இதற்கும் அருங்காட்சியகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார். சம்பந்தம் அந்தப் பேரில் இருக்கிறது. யாரோ எங்கேயோ ஒரு பூச்சியைப் பிடித்து, பிடித்த ஊரையும் தேதியையும் துண்டுச் சீட்டில் எழுதி, இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொருவர் அதை எடுத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, இது வேறு என்று எழுதி வைத்தார். அந்த இழுப்பறை இல்லையென்றால் நம் தோட்டத்துப் பூச்சிக்குப் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் எதிரியைத் தேட வழியில்லை. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈயும் இதே கதைதான். அதுவும் மத்திய அமெரிக்கப் பூச்சி, 2004இல் பேர் வைத்தது.

அதனால் அங்கே போனால் மிருகத்தைப் பார்த்த அதே கண்ணோடு சீட்டையும் பாருங்கள். எங்கே பிடித்தது, எந்த வருடம் என்ற இரண்டும் இல்லாத பொருள் வெறும் அலங்காரம். ஜமீன் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் மான் தலைகள் பல அந்த ரகம்தான்.

இழுப்பறையில் கிடப்பது அதை வைத்தவர் நினைத்தே பார்க்காத கேள்விக்குக்கூடப் பதில் சொல்லும். இங்கிலாந்தில் வல்லூறுகள் குறைந்துகொண்டே வந்தன. கூட்டில் முட்டை உடைந்து கிடந்தது. டெரக் ராட்கிளிஃப் என்பவர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து, ஓட்டை எடைபோட்டு, அளந்து பார்த்தார். 1940களின் நடுப்பகுதி வரை ஓடு ஒரே கனம். 1947 வாக்கில் சட்டென்று மெலிகிறது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வந்த சமயம் அதுதான். 1967இல் அதை வெளியிட்டார். முட்டை சேர்த்தவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்குச் சேர்த்தவர்கள். அதில் சிலர் திருட்டுத்தனமாகக் கூட்டில் கை விட்டவர்கள். அவர்கள் கனவிலும் பூச்சிமருந்து இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்குப் பாறுதான், அதாவது பிணந்தின்னிக் கழுகுதான், ஞாபகம் வரும். உங்கள் மாமனாரின் சின்ன வயதில் மாடு செத்தால் எங்கிருந்தோ பாறுக் கூட்டம் வந்து இறங்கியிருக்கும். உங்கள் பையன் ஒன்றைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டான். வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். இன்று நமக்குப் பக்கத்தில் பாறு பார்க்க வேண்டுமென்றால் மோயாறு பள்ளத்தாக்குதான். பாடம் செய்த பாறு எங்கேயாவது கண்ணில் பட்டால் பையனிடம் நீங்கள் விளக்காதீர்கள். அவனுடைய அப்பாரு, அதாவது உங்கள் மாமனார், சொல்லட்டும்.

கல் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். கல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். உங்கள் ஊருக்கு வடக்கே காங்கேயம் தாண்டிப் படியூர் இருக்கிறதே, அந்த மண்ணில் கிடைத்த நீலப்பச்சைக் கல்லைத்தான் பழங்காலத்தில் தோண்டி எடுத்தார்கள். அதற்கும் வடக்கே நொய்யல் கரைக் கொடுமணலில் அந்த மாதிரிக் கற்களைப் பட்டை தீட்டி மணியாக்கிய பட்டறைகளை அகழாய்வில் கண்டார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடக்கும் வெள்ளைப் பாறை நிலாவின் மேட்டு நிலப் பாறையைப் போன்றது. சந்திரயான்-2 இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோ அந்தப் பக்கத்துப் பாறையைப் பொடித்துத்தான் நிலா மண் மாதிரி செய்தது. இதைப் பையனிடம் சொல்லிவிட்டு ஏதாவது ஒரு சாதாரண வெள்ளைக் கல்லின் முன்னால் நிறுத்திப் பாருங்கள், நகர மாட்டான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அருங்காட்சியகங்கள் பலவற்றில் வெளிச்சம் போதாது, சீட்டு மங்கியிருக்கும், பேர் இங்கிலீஷிலும் லத்தீனிலும் மட்டும் இருக்கும். சும்மா நோட்டம் விட்டுக்கொண்டே நடந்தால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள், வீட்டுக்காரர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். நாலைந்து பொருள் போதும். பையன் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒன்றின் முன்னால் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். படம் கோணலாக வரட்டும். வரைகிறவன் கால் விரல் எத்தனை என்று எண்ணியாக வேண்டும், போட்டோ எடுக்கிறவன் எண்ண வேண்டியதில்லை. திரும்பி வரும்போது "என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பழைய பாடம் செய்த உடம்புகளைத் தொடவே கூடாது. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலுக்கு உள்பக்கம் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

கிளம்பும் முன்னால் திறந்திருக்கிறார்களா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை நாற்பது மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வேறொரு ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய், வாசலில் "பராமரிப்புப் பணி" என்ற அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பியவன். அன்றைக்கு மாணவர்கள் டீக்கடையில் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

காலையில் காஸை முடித்துவிட்டால், சாப்பிட்ட பிறகு வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்துக்குப் போகலாம், பக்கம்தான். 2018இல் திறந்தது. கட்டடம் புதிது, காட்சிகளும் பளிச்சென்று இருக்கும். உங்களுக்குத் தென்னை இருந்தால் வீட்டுக்காரரை அங்கே காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் தேடச் சொல்லுங்கள். மட்டை விரியும்போது கத்தரியால் விசிறி மாதிரி வெட்டிவிட்டது போல் இருக்குமே, அது முதல் ஆளின் வேலை. அதன் புழு உங்கள் எருக்குழியிலேயே வளர்கிறது. மரத்தில் ஓட்டை விழுந்து பழுப்பாய்ச் சாறு வடிந்தால் அது கூன்வண்டு. ஆண் கூன்வண்டின் மூக்கு மேல் சின்னதாக ஒரு மயிர்க்கொத்து இருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். எந்தத் தென்னைக்காரரும் அந்தப் பெட்டியின் முன்னால் குனியாமல் போய் நான் பார்த்ததில்லை.